பழைய மோட்டார் வண்டி: தெரிதலும் திருத்தலும்

மலிவு என்னும் சொல்லுக்கு விலைக்குறைவு என்பதே பொருளென்று பலரும் கொள்வர். வாங்கிய அன்றே நுகர்ந்து முடிக்கும் பண்டத்துக்கு அப்பொருள் சாலும். நெடுநாள் உழைக்கவேண்டிய பண்டத்துக்குச் சாலாது. மோட்டார் வண்டி அத்தகைய பண்டம். அதனை வாங்கும் நாளிற் கொடுப்பது விலையின் முதற்கூறு மட்டுமே. எஞ்சிய கூறுகளை உதிரிப்பாகமாகவும், எரிபொருளாகவும், திருத்துகூலியாகவும், வண்டி ஓடாது நின்ற நாள்களின் இழப்பாகவும் பின்னர்க் கொடுத்துத் தீர்க்கின்றோம். ஆதலின், மலிவான வண்டி எது என்னும் வினாவுக்கு விடை விற்பவர் கூறும் தொகையில் இல்லை. எந்த வண்டியின் பழுதை நாமே கண்டறியலாம், எதன் பாகம் அண்மையிற் கிடைக்கும், எதன் உடல் கறளுக்கு இரையாகாது உள்ளது என்னும் மூன்றிலேயே அவ்விடை அடங்கியுள்ளது. இக்கட்டுரை அவற்றை ஆராயப் புகுகின்றது.

தமிழாசிரியர்க்கும் மோட்டார் வண்டிக்கும் யாது தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ 32 வீதியோரத்துப் பாப்பாமோட்டையில் வாழ்வோர்க்கு அத்தொடர்பு தெளிவு. நெல்லும் மீனும் சந்தைக்குச் செல்வதும், நோயாளர் வைத்தியசாலைக்குச் செல்வதும், பிள்ளைகள் மேல்வகுப்புக்குச் செல்வதும் வண்டியாலேதான். புது வண்டி வாங்கும் வகையுள்ளோர் மிகச் சிலர். மற்றையோர் நகையை ஈடுவைத்தோ, கடன்பட்டோ பழைய வண்டியொன்றை வாங்குகின்றனர். அது மூன்றாம் மாதம் முற்றத்தில் நின்றுவிடுமாயின், வண்டி நிற்கக் கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வாங்குமுன் ஒரு மணிநேரம் இருந்து ஆராயும் அறிவு ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைக் காக்கும். அவ்வறிவு மாணவர்க்கு வேண்டும் என்பதே நமது கருத்து.

வடபுலம் கற்ற பாடம்

பழைய வண்டியைப் பேணும் கலையில் இலங்கையின் வடபுலத்தார் பெற்ற தேர்ச்சி வேறெங்கும் எளிதிற் காண்டற்கரியது. அத்தேர்ச்சி விருப்பத்தாற் பெற்றதன்று, முட்டுப்பாட்டாற் பெற்றது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் பெற்றோல், பற்றரி முதலிய பொருள்கள் செல்லுதல் தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1990களின் நடுப்பகுதிவரையும், வன்னிப் பெருநிலத்தில் 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலம்வரையும் இத்தடை கூடியும் குறைந்தும் நீடித்தது. புதுமாதிரி வண்டிகள் பல கொட்டில்களில் உறங்க, ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கிழ வண்டிகளே நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடின.

அஃது எவ்வாறு இயன்றது என்பதை அறிதல் நன்று. பெற்றோல் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெயோ 150 பாகையளவிலேதான் ஆவியாகத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுள் மண்ணெண்ணெயை விடின் அது துளிகளாகவே சிலிண்டருட் புகும். தீப்பொறி பட்டாலும் பற்றாது. ஆகவே, சிறு போத்தலொன்றிற் பெற்றோலை வைத்து அதனால் எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நிறுத்துமுன் மீண்டும் சிறிது பெற்றோலை விட்டுக் காபரேற்றரை நிரப்பிவைப்பின் மறுமுறை இயக்குதல் எளிது. இம்முறை உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்திற் செய்யப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, 1949 ஆம் ஆண்டு முதலே, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் உழைத்தது. நமது கரையோரக் கடற்றொழிலாளர் வள்ளங்களிற் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின்களும் இந்நெறியிலேயே இயங்குகின்றன. பள்ளியில் வேதியியல் கல்லாத மீனவரும் ஆவியாதலின் இயல்பைக் கையால் அறிந்துள்ளார் என்க.

ஆயின், இதற்கு ஒரு விலை உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் பூச்சைக் கழுவி, கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். பிஸ்ரன் வளையம் தேயும். வால்வுகளிற் கரி படியும். ஏற்றம் ஏறும்போது எஞ்சின் தட்டும். ஒஸ்ரின் ஏ 40 எஞ்சினின் அழுத்த விகிதம் 7.2 மாத்திரமே ஆதலின் அது இக்கொடுமையைத் தாங்கிற்று. இக்காலக் கார்களின் அழுத்த விகிதம் 10 அளவினதாகவும் அதற்கு மேற்பட்டதாகவும் இருக்கும். எரிபொருளைத் தெளிக்கும் ஊசிகளும், மின்னுணர்விகளும் அவற்றில் நிறைந்துள்ளன. அவற்றுள் மண்ணெண்ணெயை விடுதல் அவற்றைக் கொல்வதாகும். பழைய வண்டிக்கும் அது நோய்க்காலத்துக் கஞ்சியேயன்றி நாளாந்த உணவன்று. இச்செய்தியை நாம் எடுத்தோதியது அதனைப் பின்பற்றுதற்கன்று. அதனுள் அடங்கிய பாடத்தைக் கொள்ளுதற்கே.

அப்பாடம் யாதெனில், வண்டியை ஓடச்செய்தது வண்டியின் இளமையன்று என்பதே. அதன் அமைப்பு எளிது. ஆதலின் கண்ணாற் கண்டு, கையாற் கழற்றி, மூளையால் அறிய முடிந்தது. அதன் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கன. நின்றுபோன வண்டியொன்று ஓடும் வண்டிகள் பலவற்றுக்குக் களஞ்சியமாயிற்று. யாவற்றினும் மேலாக, கராச்சுகளில் அறிந்த கைகள் இருந்தன. இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் வண்டி நின்றிருக்கும்.

பாகங்களின் உறவுமுறை

உதிரிப்பாகம் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டனில் அறிமுகமாயிற்று. அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் வடிவமைத்த அவ்வண்டி, 1970களின் தொடக்கத்தில் நிறுத்தப்படுமுன் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்டது. தொகை மிகுந்த வண்டிக்குப் பாகமும் மிகுதி. இலங்கையில் அவ்வண்டிகள் பேணப்பட்ட திறத்தால், 1990களில் அதன் தகட்டுப் பாகங்களைத் தென்னிலங்கையிற் செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிலகம் ஒன்று தோன்றிற்று. பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென நிலையம் நிறுவிய சாள்ஸ் வெயர் அம்முயற்சியிற் பங்குகொண்டவர். பிறர் கழித்ததை நாம் பேணியது ஒரு தொழிலுக்கே வித்தாயிற்று.

பழைய ஆங்கில வண்டியுள் யப்பானிய எஞ்சின் குடிபுகுந்திருத்தலையும் நம் நாட்டிற் பரக்கக் காணலாம். இவ்வுறவு புதிதன்று. 1952 ஆம் ஆண்டில் நிசான் நிறுவனம் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஒப்பந்தஞ் செய்து, ஒஸ்ரின் வண்டிகளை யப்பானிற் பூட்டத் தொடங்கிற்று. மாணவன் பின்னர் ஆசிரியன் வீட்டுக்கு எஞ்சின் கொடுத்தான் எனலாம். எஞ்சின் மாற்றிய வண்டியை வாங்குதல் குற்றமன்று. ஆயின், அம்மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியுள்ளதா, எஞ்சினைத் தாங்கும் பிடிகள் ஒழுங்காக ஒட்டப்பட்டுள்ளனவா, கூடிய வேகத்துக்கு ஏற்பப் பிரேக்கும் திருத்தப்பட்டுள்ளதா என்பன ஆராயத்தக்கன. ஓட்டம் கூடி நிறுத்தம் கூடாத வண்டி உயிருக்கு உலை.

வாங்குமுன் ஆராய்வன

முதலாவது, பத்திரம். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிற் பொறித்துள்ள இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. முழு உரிமையாளர் என ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் பதிவாகியிருப்பின், கடன் தீர்ந்தமைக்குச் சான்று பெறாது பணம் கொடுத்தல் ஆகாது. பெயர் மாற்றாது, முன்னையவர் ஒப்பமிட்ட வெற்றுத்தாளோடு கைமாறிவரும் வண்டிகள் பல. அவ்வகை வண்டியை வாங்கியவன் பணம் கொடுத்தும் உரிமையாளனாகான்.

இரண்டாவது, உடல். கடற்கரை நாட்டார் இதனை முதலாவதாகவே கொள்ளினும் தகும். எஞ்சின் பழுதடையின் மாற்றலாம். உடல் உளுத்த வண்டியைத் திருத்துதல் உளுத்த மரத்திற் கதவு மாட்டுதல் போலாகும். மன்னார்க் கரையில் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசுகின்றது. மீன் ஏற்றிய வண்டியாயின், பனிக்கட்டி உருகிய உப்புநீர் தரைத்தகட்டின் இடுக்குகளில் ஊறி உள்ளிருந்தே அரித்திருக்கும். வெளியிற் புதுவர்ணம் மின்னும். உள்ளே கறள் தின்னும். சிறு காந்தத் துண்டொன்றை மெல்லிய சீலையிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துக. அது பற்றாத இடத்திற் தகடு இல்லை, அடைப்புப் பசையே உள்ளது என்று அறியலாம். பின்னர்க் கால்மிதியை நீக்கித் தரையைப் பார்க்க. வண்டியின் அடியிற் குனிந்து வில்லுத்தகடுகள் பொருந்தும் இடங்களைத் தட்டிப்பார்க்க. மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளுக்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே எலும்பு. எலும்பு உளுத்தால் வர்ணம் உதவாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் இவ்வாறே அறியலாம்: இருக்கைப் பட்டியை முற்றாக வெளியே இழுத்தால் அதன் உள்முனையிற் சேற்றுக்கறை காணப்படும்.

மூன்றாவது, எஞ்சின். நாம் செல்லுமுன் எஞ்சின் குளிர்ந்திருத்தல் வேண்டும். மூடியிற் கைவைத்தபோது சூடு தெரியின், குளிரில் இயங்க மறுக்கும் குறையை மறைத்தற்கு முன்னரே இயக்கியிருக்கலாம் என்று ஐயுறுக. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திற் பாலாடை போன்ற வெண்பசையோ, றேடியேற்றர் நீரில் எண்ணெய்ப் படலமோ காணின், நீரும் எண்ணெயும் எஞ்சினுட் கலத்தல் கூடும். தலைப்பகுதியின் கஸ்கற் பழுதாகியிருக்கலாம். புகையின் நிறமும் பேசும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும், எஞ்சின் சூடான பின்னும் ஓயாத வெண்புகை நீர் எரிவதையும் காட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்க்க இசையும் விற்பனையாளர் நல்லவர். பிளக்கின் முனை இளங்கபில நிறமாயின் நலம். எண்ணெய் ஈரமாயின் வளையத் தேய்வு. வெளிறி வெந்திருப்பின் சூட்டு மிகுதி.

நான்காவது, ஓட்டம். நேர்வீதியில் ஸ்டியரிங்கை மெல்லப் பிடித்து ஓட்டுக. வண்டி ஒருபக்கம் இழுத்தல் ஆகாது. பிரேக்கை மிதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க. மிதிகட்டை மெல்ல மெல்லத் தாழுமாயின் எங்கோ கசிவு உண்டு. ரயரின் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருப்பின் முன்சில்லுகளின் அமைப்புப் பிழைத்துள்ளது.

ஐந்தாவது, பாகம். விலை பேசுமுன் அவ்வூர் உதிரிப்பாகக் கடைக்குச் சென்று, அவ்வண்டிக்கு உரிய பிரேக் பாகம், கிளச் தட்டு, நீர்ப் பம்பு ஆகிய மூன்றும் கிடைக்குமா, விலை யாது என்று கேட்டறிக. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் முதுமொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். அரிய வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதன் பாகம் அரிதாதல். ஊரிற் பலர் வைத்திருக்கும் வண்டி அழகிற் குறையினும் ஆயுளிற் குறையாது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வண்டி இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கிற்று. அவ்வைந்தாண்டில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை யாவரும் அறிவர். விலை ஏறிய காலத்தில் விற்பவர் அவசரப்படுத்துவர். வாங்குவோர் அப்போதே மேலும் நிதானித்தல் வேண்டும்.

நாமே செய்யத்தக்கன

வண்டி வழியில் நின்றுவிட்டால் எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றுதல் பேதைமை. பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று: எரிபொருள், காற்று, உரிய வேளையில் தீப்பொறி. எது வரவில்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காண்பதே முறை. ஒருபோதில் ஒன்றையே மாற்றி, விளைவைக் கண்டு, பின்னரே அடுத்ததைத் தொடுக. இரண்டை ஒருங்கே மாற்றுவோர் வண்டியை ஓடச்செய்யினும் பழுதை அறியார். வாக்கியப் பிழை திருத்தும் மாணவன் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என ஒவ்வொன்றாக நோக்குதல் போன்றதே இது.

பழைய வண்டியிற் டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, பொயின்ற் முனைகள் கருகியுள்ளனவா என்று காண்க. தேய்த்துத் துடைத்து, அவற்றின் இடைவெளியை ஏறத்தாழ 0.015 அங்குலமாகவும், பிளக்கின் இடைவெளியை 0.025 அங்குலமாகவும் அமைத்தால் பல வண்டிகள் உயிர்பெறும். நடுவெயிலில் எரிபொருட் பம்பினுள் ஆவி அடைத்து வண்டி நிற்பதுண்டு. பம்பின்மேல் ஈரச்சீலையைச் சுற்றிச் சிறிது பொறுத்தால் மீண்டும் ஓடும். பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. இதனை அறியாது புதிய றேடியோவையோ மின்னாக்கியையோ பூட்டினால் அது அக்கணமே எரிந்துபோகலாம். மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் திருகுமூட்டுக்குத் தவறாது கிறீஸ் ஏற்றுதல் வேண்டும். ஏற்றாதுவிடின் புரி தேய்ந்து சில்லே சாய்ந்துவிடும்.

எஞ்சின் எண்ணெய் மாற்றல், காற்று வடிகட்டி துப்புரவாக்கல், காற்றாடி வார் மாற்றல், ரயர்க் காற்று அளத்தல், பற்றரி முனைகளைத் துடைத்தல் என்பன புதிய வண்டிக்கும் வீட்டிலேயே செய்யத்தக்கன. கரையோர வீதியில் ஓடிய வண்டியின் அடிப்பகுதியை நன்னீராற் கழுவுதல் இவற்றினும் முதன்மையானது. பழைய எஞ்சின் எண்ணெயை அடியிற் பூசுவோர் உளர்; அது இறப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும். இக்காலக் கார்களிற் பழுதுக்குறி வாசிக்கும் சிறு கருவியொன்றைச் செருகி, வண்டியின் கணினி பதிந்துள்ள குறியீட்டை அறியலாம். அக்குறியீடு நோயின் அறிகுறியேயன்றி நோயன்று. குறியைக் கண்டவுடன் பாகத்தை மாற்றுவோர் காசை இழப்பர்.

செய்யத் தகாதனவும் உள. ஜக்கு ஒன்றையே நம்பி வண்டியின் கீழ்ப் புகுதல் கூடவே கூடாது. மணற்றரையில் ஜக்கு புதையும். அடியிற் பலகையிட்டு, வண்டியைத் தாங்கும் உறுதியான நிலைக்கட்டைகளும் வைத்த பின்னரே குனிதல் வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆகாது. பிரேக் திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றின், உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிப் பிரேக் பற்றாது போகும். கலப்பு மின்கார்களிற் செம்மஞ்சள் நிற உறையிட்ட வடங்கள் மிகுமின்னழுத்தம் உடையன. பயிற்சியில்லாதோர் தொடுதல் உயிராபத்து. பிரேக், ஸ்டியரிங் ஆகிய இரண்டிலும் ஐயம் எழுமாயின் தேர்ந்தவரை நாடுக. தாமே செய்தல் பெருமைதான். எல்லையறிந்து நிற்றல் அதனினும் பெருமை.

கைகளின் அறிவு

போர்க்காலத்தில் வண்டிகளை ஓடச்செய்த மூத்த தொழிலாளர் பலர் இன்று முதுமையெய்தியுள்ளனர். சிலர் மறைந்தும் போயினர். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறியதன்று. எஞ்சினின் ஓசையைக் கேட்டே எந்த வால்வு இளகியுள்ளது என்று கூறும் செவியும், புரியைத் திருகும்போதே அது முறியும் எல்லையை உணரும் விரலும் அவரோடு போய்விடும். பாகத்தைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டுதலே திருத்தம் என்று இளையோர் கருதுவாராயின், 2022 ஆம் ஆண்டில் நாட்டுக்கு வந்தது போன்ற தட்டுப்பாடு மீண்டும் வருங்கால், நமது வண்டிகளோடு நாமும் நிற்போம்.

ஆதலின், மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். விடுமுறையில் உங்கள் ஊர்க் கராச்சுக்குச் சென்று மூத்தவர் ஒருவரிடம் பணிவோடு அமர்ந்து கேளுங்கள். அவர் கூறும் பழுது, அறிகுறி, காரணம், திருத்தம் என்னும் நான்கையும் நல்ல தமிழில் குறிப்பேட்டில் எழுதுங்கள். கறள், சில்லு, வார், புரி, இளக்கம், இறுக்கம் என அவர் வாயில் வழங்கும் சொற்களை அவ்வாறே பதியுங்கள். தொழிற்கல்வி நூல் தமிழில் எழுதப் புகுவோர்க்கு அவை அருஞ்செல்வம். பழைய மாணவர்களுள் பொறியியல் கற்றோர் அக்குறிப்புகளைச் சரிபார்த்து உதவலாம். வீட்டில் வண்டியுடையோர், எந்நாளில் எத்தனையாவது கிலோமீற்றரில் எதை மாற்றினோம் என்று ஒரு கணக்கேடு வைத்துக்கொள்க. அவ்வேடு வண்டியோடு கைமாறுமாயின், வாங்குவோர்க்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை.